புத்தகக் கடையில் கூட்டம் நடத்தக் காவல் நிலைய அனுமதி வேண்டுமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

தென் மாவட்ட நகரம் ஒன்றில், ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் 350 சதுர அடி வாடகை இடத்தில் நான்கு ஆண்டுகளாகப் புத்தகக் கடை நடத்துகிறார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை எழுத்தாளர் சந்திப்பு உண்டு. கூட்டம் பெருகியதால் ஓராண்டாக மேலே மொட்டை மாடியில், வாடகை ஒலிபெருக்கி வைத்து நடத்துகிறார். நாற்பது முதல் அறுபது பேர் வருகிறார்கள். சென்ற மாதம் ஒரு எழுத்தாளர் தம் ஊரின் சாதி வரலாறு குறித்துப் பேசினார். அந்த வீடியோ யூடியூபில் ஏறிய பத்து நாளில் சிலர் கடைக்கு வந்து, "இதை எடுக்காவிட்டால் அடுத்த கூட்டம் நடக்காது" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். எழுத்தாளரோ தம் சம்மதமில்லாமல் வீடியோவை நீக்கக் கூடாது என்கிறார். காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் இவரைக் கூப்பிட்டு, "30(2) அமலில் இருக்கிறது, இனி அனுமதி இல்லாமல் கூட்டம் நடத்த மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்" என்றாராம். கட்டட உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்கிறார். அந்த எழுத்தாளர் விற்பனைக்குக் கொடுத்த 60 பிரதிகளின் கணக்கிலும் தகராறு. இவற்றுக்கு நடுவில், செலவைச் சமாளிக்க ஆளுக்கு 50 ரூபாய் நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்றும் கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் காவல் துறைக்கு அஞ்சுகிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்கு வேறு மூன்று இடங்களில்தான் கவலை: மொட்டை மாடி, ஒலிபெருக்கி, எழுதி வைக்காத கணக்கு. கூட்டம் நடத்தும் உரிமையில் நீங்கள் நினைப்பதைவிட உறுதியான நிலையில் இருக்கிறீர்கள். இந்த மூன்றிலும் நினைப்பதைவிடப் பலவீனமாக இருக்கிறீர்கள்.

அனுமதி எதற்கு, தகவல் எதற்கு

முதலில் அந்த 30(2). அது 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் பிரிவு. பொதுச் சாலை, தெரு, பொது வழி ஆகியவற்றில் கூடும் கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்துவதற்கானது. நம் மாவட்டங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதை அறிவித்துக்கொண்டே இருப்பதால், ஊரில் எங்கே நாலு பேர் கூடினாலும் அனுமதி வேண்டும் என்று காவலர்கள் உட்பட எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆணையரகம் உள்ள மாநகரங்களில் இதே வேலையைச் செய்யும் நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவும் பொது இடங்களைப் பற்றியதுதான். தனியார் இடத்தில், நான்கு சுவருக்குள் அமைதியாக நடக்கும் கூட்டத்துக்கு முன்அனுமதி தேவையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பேசவும் கூடவும் அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தரும் உரிமைக்குக் காவல் நிலையம் ரசீது போட வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவில், அதாவது பழைய 144இல், நிர்வாக நடுவர் (மாவட்ட ஆட்சியர், ஆர்.டி.ஓ. போன்றவர்) எழுத்தில் தடை உத்தரவு போட்டிருந்தால் அது உங்கள் கடைக்குள்ளும் செல்லும். யாராவது "தடை இருக்கிறது" என்றால், "உத்தரவின் நகலைக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். வாய்மொழியில் தடை உத்தரவு கிடையாது.

உதவி ஆய்வாளர் கேட்டபடி எழுதிக் கொடுக்காதீர்கள். அமைதி காப்பதாகப் பிணை வாங்க வேண்டுமென்றால் அதற்கு நிர்வாக நடுவர் முன்னால் காரணம் கேட்கும் நடைமுறை இருக்கிறது. நிலையத்து மேசையில் வெள்ளைத் தாளில் வாங்குவது அந்த நடைமுறைக்குள் வராது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் எழுத்தாளர் பெருமாள்முருகனை அதிகாரிகள் சமாதானக் கூட்டம் என்று அழைத்து உட்காரவைத்து எழுதி வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஒன்றரை ஆண்டு அவர் எதையும் வெளியிடாமல் இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நீதிமன்றத்தில் விடுவித்துக்கொள்வது அவ்வளவு நீண்ட வழி. இன்னொன்று: யாரோ கொடுத்த புகாரில் உங்களைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால், பெண் என்பதால் நீங்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது.

அதற்காகக் காவல் துறையோடு முறுக்கிக்கொள்ளவும் வேண்டாம். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் ஒரு தகவல் கடிதம் கொடுங்கள். தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், கடை முகவரி, பேச்சாளர், தலைப்பு, எதிர்பார்க்கும் எண்ணிக்கை, உங்கள் கைபேசி எண் இருந்தால் போதும். "தங்கள் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். "அனுமதி வேண்டுகிறேன்" என்று எழுதினால் அவர்கள் மறுப்பதற்கு ஒரு விண்ணப்பத்தை நீங்களே கொடுத்ததாக ஆகும். நகலில் நிலைய முத்திரை வாங்குங்கள். போட மறுத்தால் அதே கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ப்பித்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் துறைக்கு உண்மையான அதிகாரம் இருக்கும் இடம் உங்கள் கடை வாசல் தெரு. அறுபது பேர் வந்தால் முப்பது இரு சக்கர வாகனங்களாவது நிற்கும். பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை மறைத்து வண்டி நின்றால் அவர் போன் செய்வார், ரோந்து வண்டி வரும், கூட்டம் அங்கேயே குலையும். வாகனத்துக்கு முன்கூட்டியே ஓர் இடம் பேசி, அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

மாடியும் ஒலிபெருக்கியும்

மொட்டை மாடியும் தனியார் இடம்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். தனியார் இடம்தான், ஆனால் மூடிய இடம் ஆகாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் பயன்படுத்தவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதியில் 65 டெசிபல் என்பது வரம்பு. தனியார் ஒலிக் கருவியின் சத்தம் உங்கள் இட எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. 55 டெசிபல் என்பது இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தத்துக்குப் பக்கத்தில் வரும். வாடகைக் கடையிலிருந்து வரும் பெரிய பெட்டி அதை முதல் 'வணக்கத்திலேயே' தாண்டிவிடும். 100 மீட்டருக்குள் மருத்துவமனையோ பள்ளியோ நீதிமன்றமோ இருந்து, அந்த இடத்தை அரசு அமைதி மண்டலமாக அறிவித்திருந்தால் பகல் வரம்பு 50 டெசிபல்தான். கருத்துப் பிடிக்காதவர்கள் கருத்தைப் பற்றிப் புகார் கொடுப்பதில்லை. சத்தத்தைப் பற்றிக் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அதில் வழக்கு நிற்கும்.

அதைவிட முக்கியமானது, மாடி உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் "முதல் மாடியில் உள்ள கடை" என்று மட்டும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தில் இல்லாத இடத்தைச் சேர்த்துப் பயன்படுத்துவதும், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தருவதும் 'தவறான பயன்பாடு' ஆகலாம். உரிமையாளர் நிறுத்தச் சொல்லி அறிவிப்புக் கொடுத்த பிறகும் தொடர்ந்தால் வெளியேற்றக் கோரும் காரணம் அவருக்குக் கிடைத்துவிடும். இன்று அவர் வாயால் காலி செய்யச் சொல்வதில் வலு இல்லை. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்றவோ, பூட்டுப் போடவோ, மின்சாரத்தைத் துண்டிக்கவோ அவரால் முடியாது. அந்த வலுவை மாடிக்காக இழந்துவிடாதீர்கள்.

ஆகவே மாடிக் கூட்டத்தை நிறுத்திவிட்டு உரிமையாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள்: "ஐயா, மாடியில் இனி நடத்தவில்லை. கடைக்குள் மாதம் ஒரு மாலை, ஆறிலிருந்து எட்டு வரை, மைக் இல்லாமல்." ஒத்துக்கொண்டால் அதை ஒரு வரிக் கடிதமாக்கிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தம் தகராறு வரும் நாளில் கைகொடுக்காது.

கடைக்குள் எத்தனை பேர் உட்காரலாம்? 350 சதுர அடியில் அலமாரியும் கல்லாவும் போக 200 மிஞ்சினால் அதிகம். நாற்காலி போட்டு உட்கார ஒருவருக்கு 7 முதல் 8 சதுர அடி வேண்டும், படிக்கட்டுக்குப் போகும் வழி மறிக்கப்படக் கூடாது. ஆக 25 பேர். சுவரோரம் நிற்பவர்கள் ஐந்தாறு பேர். ஒரே குறுகிய படிக்கட்டு உள்ள முதல் மாடியில் அறுபது பேரை ஏற்றி, யாராவது விழுந்தால் நஷ்டஈட்டு வழக்கில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கும். இருபத்தைந்து பேர் என்றால் மைக் தேவையில்லை, பேச்சும் உரையாடலாகும். அறுபது பேர் வரக்கூடிய எழுத்தாளர் என்றால் நூலக அரங்கைக் கேளுங்கள். பொது நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது, மாவட்ட மைய நூலகரும் வட்டத் தலைவரும் சேர்ந்து நடத்தினால் இடமும் கிடைக்கும், கூட்டத்துக்கு ஒரு மதிப்பும் வரும். புத்தக மேசை மட்டும் உங்களுடையது.

வீடியோவை நீக்கச் சொல்பவர்களும் நீக்காதே என்பவரும்

இதில் நீங்கள் நினைப்பது இரண்டு பக்கமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. உங்கள் கேமராவில் எடுத்ததால் எல்லாமே உங்களுடையது என்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுவில் ஆற்றிய உரைக்கு முதல் உரிமையாளர் பேசியவர். ஒளிப்பதிவு உங்களுடையது. அதற்கு மேல் உரையாற்றுபவரும் 'நிகழ்த்துநர்' என்ற கணக்கில் வருவதால், தம் உரையைச் சிதைத்து வெளியிட்டால் ஆட்சேபிக்க அவருக்கு உரிமை உண்டு. நீளம் குறைக்கவோ தொழில்நுட்பக் காரணத்துக்காகவோ வெட்டுவது சிதைப்பு ஆகாது என்று சட்டமே விளக்குகிறது. அதே சமயம், உங்கள் பக்கத்தில் அந்த வீடியோ இருந்தே ஆக வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. வேண்டுமென்றால் உரையை அவரே வேறு இடத்தில் வெளியிடலாம்.

"பேசியது அவர், எனக்குப் பொறுப்பில்லை" என்ற வரியும் பாதிதான் சரி. கடைக்குள் ஒருவர் பேசியதற்கு இடம் கொடுத்தவர் தானாகக் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் அதைப் பதிவேற்றியது நீங்கள். அந்த நிமிடம் நீங்கள் வெளியிட்டவர் ஆகிவிடுகிறீர்கள்.

வீடியோவை முழுக்கப் பாருங்கள், ஒரு வழக்கறிஞரையும் பார்க்கச் சொல்லுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி, நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு எங்காவது இருந்தால் அது அவதூறு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. அந்தத் துண்டை எழுத்தாளரிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள். மூல உரையைவிடக் கேள்வி நேரத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும்: பார்வையாளர் ஒருவர் எழுந்து, ஊர்ப் பிரமுகர் ஒருவரைப் பற்றிக் கொட்டித் தீர்ப்பார், அதுவும் பதிவாகியிருக்கும். ஊரின் வரலாற்றைப் பற்றிய கருத்து, ஆவணத்தை வைத்துச் சொன்ன விமர்சனம் என்றால் அது இருக்கட்டும். பகை மூட்டுவது (196), மத உணர்வைப் புண்படுத்துவது (299) என்ற பிரிவுகளைச் சொல்லி மிரட்டுவார்கள். அவற்றுக்குத் தீய நோக்கம் தேவை. நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசின் முன்இசைவும் தேவை. தவிர, 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கரி வழக்கில், ஒரு கவிதைக்காகப் போட்ட முதல் தகவல் அறிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு தொடர்பான இத்தகைய புகார்களில் வழக்குப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்துவது பொருத்தம் என்றது. சொற்களை உறுதியான மனமுடைய மனிதரின் அளவுகோலில் பார்க்க வேண்டும், எதிலும் ஆபத்தைக் காண்பவரின் அளவுகோலில் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது.

பார்த்து முடிக்கும் வரை சில நாள் வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றி வைப்பதில் தவறில்லை. அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. ஆனால் மிரட்டலுக்குப் பிறகு அப்படியே அழித்துவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒருமுறை அழித்தால் அடுத்த மாதம் பேச்சாளரின் பெயரை மாற்றச் சொல்லி வருவார்கள். போராட்டம், வன்முறை என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்க முடியாது, காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் 1989இலேயே சொல்லிவிட்டது.

வெட்டாத மூலப் பதிவை நினைவட்டையோடு பத்திரப்படுத்துங்கள். வழக்கு வந்தால் எதிர்த் தரப்பு முப்பது நொடித் துண்டைத்தான் காட்டும். முழுப் பதிவைச் சாட்சியமாக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63(4)இல் ஒரு சான்று வேண்டும். எந்தக் கருவியில், யார், எப்போது எடுத்தார்கள் என்ற குறிப்பை இப்போதே எழுதி வையுங்கள். வந்து மிரட்டியவர்கள் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். எண் வாங்குங்கள். நிலையம் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபால், அடுத்து நடுவர் நீதிமன்றம். கூட்டத்தையே தடுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

அறுபது பிரதிகள்

விலை 250 ரூபாய். 34 விற்றது, 19 திரும்பக் கொடுத்தீர்கள், 7 காணவில்லை. நீங்கள் 35 சதவீதக் கழிவு கழித்து 5,525 ரூபாய் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் 34 பிரதிக்கு 8,500 கேட்கிறார், கழிவு பற்றிப் பேசவே இல்லை என்கிறார். எழுத்து எதுவும் இல்லை. கடைக்குக் கழிவு உண்டு என்பது தொழில் வழக்கம்தான், பதிப்பகத்தோடு நீங்கள் செய்யும் வியாபாரமே அதற்குச் சாட்சி. ஆனால் சொந்தமாகப் புத்தகம் போட்டுத் தோளில் சுமந்து வரும் எழுத்தாளருக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்று வாதாடுவது எனக்கு உவப்பாக இல்லை. காணாமல் போன 7 பிரதிகளுக்கு, நியாயமான கவனத்தோடு வைத்திருந்தீர்கள் என்று காட்டினால் சட்டப்படி நீங்கள் தர வேண்டியதில்லை. விருந்தினர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று நீங்களே எழுதுகிறீர்கள், அப்போது அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அந்த ஏழுக்கும் கழிவு போக 1,137 ரூபாய் 50 காசு சேர்த்துக் கொடுத்து, தேதி வாரியான பில் எண்களோடு கணக்குத் தாளும் கொடுங்கள். கழிவு விகிதத்தில் இன்னும் சண்டை என்றால் 25 சதவீதத்துக்கு இறங்கி முடித்துவிடுங்கள். இந்தத் தொகைக்கு வழக்கு வேண்டாம்.

ஐம்பது ரூபாய் டிக்கெட்

வேண்டாம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதனால் புத்தகம் மட்டும் விற்கும் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆண்டு விற்பனை 26 லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். நுழைவுக் கட்டணம் வரிக்குரிய சேவை. அதை வாங்கத் தொடங்கினால், பதிவுக்கான 20 லட்ச வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத புத்தக விற்பனையும் சேர்த்து எண்ணப்படும். மாதம் 1,250 ரூபாய்க்காக ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்குள் போய் விழுவீர்கள். விரும்பியவர் போடும் உண்டியல் ஒன்று வையுங்கள், அதற்குப் பதிலாக எதையும் தராதவரை சிக்கல் இல்லை. தேநீரையும் நீங்கள் விற்க வேண்டாம், பக்கத்துக் கடையில் சொல்லி வரவழைத்துக் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்

பேச்சாளரிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- எத்தனை பிரதி கொடுத்தார், கழிவு எத்தனை சதவீதம், எத்தனை நாளில் பணம், விற்காதவற்றை யார் செலவில் திருப்புவது, இலவசப் பிரதி யார் கணக்கு.
- உரையைப் பதிவு செய்ய, யூடியூபில் வெளியிட, சுருக்க அவருடைய சம்மதம். பிரச்சினை வந்தால் நீங்கள் நீக்கலாம் என்ற வரி.
- பயணப்படி எவ்வளவு, அது அன்றே கையில் தரப்படும் என்பது. பொன்னாடைக்குச் செலவழிப்பதைப் பேருந்துக் கட்டணத்துக்குக் கொடுங்கள்.

புத்தகத்திலிருந்து ஓரிரு பக்கம் வாசித்துக் காட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டாம், நியாயமான அளவு வாசிப்பைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் கூட்டம் தொடங்கும் வரை சினிமாப் பாட்டு ஓடவிடுகிறீர்களே, அதற்கு உரிமம் வேண்டும். நிறுத்திவிடுங்கள். நேரலை செய்யாதீர்கள், நேரலையில் வெட்ட முடியாது. கேள்விகளைத் துண்டுச் சீட்டில் வாங்கி நெறியாளர் வாசிக்கட்டும். வாசலில் 'இந்நிகழ்வு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு தாள் ஒட்டுங்கள், படத்தில் வர விரும்பாதவர்களுக்குக் கேமராவுக்குப் பின்னால் நான்கு நாற்காலி போடுங்கள். குழந்தைகளுக்கான கதை நேரம் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் படமே வேண்டாம்.

திங்கட்கிழமை முதல் வேலையாக உரிமையாளரைப் பாருங்கள். அவர் கையெழுத்து வந்த பிறகு தகவல் கடிதத்தைக் காவல் நிலையத்தில் கொடுங்கள். மிரட்டல் பற்றிய புகாரைத் தனித் தாளில், தனியாகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், உங்கள் கூட்டமே பிரச்சினை என்று அவர்கள் படித்துக்கொள்வார்கள்.